கயிறு இருந்த இடம்

கேஸை மூடினேனா என்று நினைத்த நேரத்தில் விளக்குகள் அணைந்துவிட்டன. மூடினேன். ரெகுலேட்டரைத் திருகியது கையில் நினைவிருக்கிறது, ஆனால் அது இன்று திருகியதா நேற்றுத் திருகியதா என்று கைக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இவர். வலது கையை மடியில் போட்டு அதன்மேல் இடது கையை மூடி வைத்திருக்கிறார், கோயிலில் வாங்கிய விபூதியைக் கொட்டாமல் வீடுவரை கொண்டுபோகிறவர் மாதிரி. திரையில் பனி. ஒரு ஆள் தூரத்திலிருந்து நடந்து வருகிறான், நடந்துகொண்டே இருக்கிறான், அவன்தான் ஹீரோ என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் முகத்தைக் காட்டமாட்டார்களாம், பூட்ஸைக் காட்டுகிறார்கள், முதுகைக் காட்டுகிறார்கள், பனியில் விழுந்த நிழலைக் காட்டுகிறார்கள். கடைசியில் முகம் தெரிந்ததும் முன்வரிசையில் காகிதம் கிழித்து வீசினார்கள். படம் வந்து வாரங்கள் ஆகிவிட்டன, கூட்டம் பாதிகூட இல்லை, இன்னும் யாரோ வீட்டிலிருந்தே காகிதம் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். ஏசிக் காற்று காலடியில் ஊர்கிறது. பனியே திரையிலிருந்து இறங்கி நாற்காலிக்கு அடியில் வருவதுபோல இருக்கிறது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன். நாளைக் காலை இவர் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறுகிறார், இதே படத்தின் இரண்டாம் பாகத்துக்கு. ஏறக் கூடாது. படம் முடிவதற்குள் அதை நான் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். தியேட்டரில் போகமாட்டார், வேலை செய்த படத்தில் பாதியில் எழுந்திருப்பது ஸ்டண்ட் ஆட்களுக்கு ஆகாது, யாருக்கோ அடிபடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால்தான் காலையில், "இந்தப் படத்தை இன்னும் நாம பாக்கலையே" என்று நானாக ஆரம்பித்தேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எந்தக் காலத்தில் சினிமாவுக்குக் கூப்பிட்டேன்?

ஹீரோ உளவாளி. இவனை யாரும் நம்புவதில்லை, இவனும் யாரையும் நம்புவதில்லை, ஆனால் நாடு மொத்தமும் இவனை நம்பித்தான் இருக்கிறது. இப்போது ஒரு வெளிநாட்டுச் சந்தையில் ஓடுகிறான். ஆரஞ்சுப் பழங்கள் உருளுகின்றன. எந்த ஊர்ச் சந்தையில் துரத்தினாலும் பழக்கடைக்காரன் தலையில்தான் கை வைக்கிறார்கள். ஒருத்தன் இவன்மேல் கத்தியை வீச, இவன் சுவரில் கால் வைத்து அப்படியே எழும்புகிறான், மாடிக் கைப்பிடியைத் தாண்டுகிறான், அந்தப் பக்கம் இறங்குகிறான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அவன் தோளுக்கு மேலே, ஒன்றும் இல்லாத இடத்தை. அங்கேதான் கயிறு இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். இவர் கோதண்டம், ரோப் கோதண்டம் என்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டண்ட் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் வார் கட்டிக்கொண்டு ஒருத்தன் மேலே தொங்குவான், கப்பி வழியாகக் கம்பி வரும், கம்பியின் இந்த முனையில் கயிறு, கயிற்றில் வரிசையாக ஆட்கள். முதல் ஆள் இவர். ஸ்டண்ட் மாஸ்டர் குரல் கொடுத்ததும் இவர் இழுக்க வேண்டும், மற்றவர்கள் இவர் முதுகைப் பார்த்து இழுப்பார்கள். யாரும் மேலே பார்க்கக் கூடாது, அதுதான் அவர்கள் வழக்கம். மேலே தொங்குகிறவனைப் பார்த்தால் மனசு இளகிக் கை முந்திவிடுமாம். கயிற்றில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும், அதுதான் கண்ணுக்குக் குறி. இத்தனை வருஷத்தில் எத்தனை ஹீரோக்களைப் பறக்க விட்டார், ஒருத்தன் பறந்ததையும் இவர் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகத்தான் தியேட்டருக்கு வருவது. கல்யாணமான புதிதில் என்னையும் அழைத்துவந்து, "மூஞ்சிய பாக்காத, மேல பாரு" என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குச் சினிமாவே கெட்டுப்போனது. காதல் காட்சியில்கூட தலைக்குமேல் எதையோ தேடுகிறேன்.

இவர் இழுப்பு எனக்குத் தெரியும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல இருக்கும், நூல் அறாது. சிலர் இழுத்தால் மேலே போகிறவன் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாற்போல வெடுக்கென்று போவான். இந்தச் சந்தைச் சுவரில் ஏறியது எப்படி இருந்தது? நன்றாகத்தான் இருந்தது. இருந்ததா? அந்த நேரம் நான் இவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீரோ என்று சொல்கிறேன், சுவரில் ஏறியது ஹீரோ இல்லை, ஜோயல். எங்கள் தெருவிலேயே கோடி வீடு. ஹீரோவுக்கு டூப். முதுகும் கழுத்தும் அச்சு ஹீரோ மாதிரியே இருக்கும், முகம்தான் பாவம், பால் விற்கிற சாது மாதிரி. அவன் பெண்டாட்டி பிரிசில்லாவுக்கு இது ஏழாம் மாதம். சத்தம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் தியேட்டருக்கு வரவில்லை. காலையில் நாங்கள் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நல்லது கெட்டது ரெண்டையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அவர கேட்டா எல்லாம் சூப்பர்ங்கிறாரு." சரிடி என்றேன். அவள் போகவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "நாளைக்கு அண்ணனும் போறாருல்ல? அண்ணன் ரோப்புல இருந்தா நான் படுத்ததும் தூங்கிடுவேன்க்கா" என்றாள். நான் சிரித்தேன். கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேனா?

நல்லது கெட்டது. பிரிசில்லாவுக்குச் சொல்ல வேண்டும். நல்லது, ஊர்கள். எத்தனை ஊர், எத்தனை கடல், செலவு கண்ணில் தெரிகிறது, பாதி ஊர் பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்ததுதான் என்று இவர் சொன்னாலும் குளிருகிறதே. வில்லன் நல்லவன்போலப் பேசுகிறான், குரலை உயர்த்துவதே இல்லை, ஆப்பிளை நறுக்கிக்கொண்டே ஒரு ஆளைக் கொல்லச் சொல்கிறான், அது நன்றாக இருந்தது. கெட்டது, அவன் எதற்காக இவ்வளவும் செய்கிறான் என்று புரியவில்லை. ஏதோ ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு நம்பர், அது கிடைத்தால் ஊரெல்லாம் கரண்ட் போய்விடுமாம். கரண்ட் போவதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா, எங்கள் தெருவில் ஒரு மழை போதும். இன்னொரு கெட்டது, ஹீரோ ஒருவாய்ச் சோறு தின்னவில்லை. ஒரு ஊரில் அடி வாங்கி அடுத்த ஊரில் கோட்டு மாற்றிக்கொள்கிறான். அந்தக் கோட்டை யார் இஸ்திரி போடுகிறார்கள்? நானாக இருந்தால் ஒரு இட்லியாவது தின்ன வைத்திருப்பேன். ஹீரோயினும் உளவாளி, நீலக் கண், வந்தாள், இரண்டு பேரை உதைத்தாள், பாட்டுக்கு ஆடினாள், காணவில்லை. அவளைத் தேடி ஒருத்தரும் போகவில்லை. உளவாளிகளுக்கு வீடு கிடையாது போலிருக்கிறது. வாசலில் வந்து நின்று எப்போ வருவீங்க என்று கேட்க யாரும் இல்லாவிட்டால் எந்த மாடியிலிருந்தும் குதிக்கலாம். பின்வரிசையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர், ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள், ஆபீசுக்கு டிமிக்கி கொடுத்து வந்திருப்பார்கள். ஒருத்தன் சொல்கிறான், "மச்சி, இவன் டிக்கெட் எடுக்காமலே ஏழு நாட்டுக்குப் போயிட்டான்டா. எனக்குத் திருச்சிக்கு வெயிட்டிங் லிஸ்ட்." மற்றவன், "அவன் ஏஜென்ட்டு. நீ டிராவல் ஏஜென்ட்ட கேளு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். சிரிக்கும்போது வலது கை மடியிலிருந்து நழுவியது. இடது கையால் எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். தன் கையைத் தானே எடுத்து வைக்கிறார், யாரோ மறந்துவிட்டுப் போன பையை எடுத்து வைப்பதுபோல.

எப்போது ஆரம்பித்தது? டம்ளர் இடது கைக்குப் போனபோது நான் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் சட்டைப் பொத்தான். ஒரு நாள் மேல் பொத்தானைப் போடாமல் வெளியே போனார், ஸ்டைலா என்று கேலி செய்தேன். அதற்கு முன்னால் தேங்காய். வெள்ளிக்கிழமை சாமிக்கு உடைக்கிற தேங்காயை, "இந்த வாட்டி நீ ஒட" என்று என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் தேங்காயை என்னிடம் கொடுத்ததில்லை. நான் உடைத்தேன், கோணலாக உடைந்தது, அபசகுனம் என்று எனக்குத்தான் பயமே தவிர, அவருக்கு ஏன் உடைக்க முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய்விட்டன. எனக்குத் தெரியும். தூக்கத்தில் கிள்ளிப் பார்த்தேன். லேசாகக் கிள்ளினேன், பிறகு நகம் பதியக் கிள்ளினேன். எழவில்லை. அந்தக் கையோடு நாளைக்கு ரயில் ஏறி, அந்தக் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மேலே ஜோயல். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றால், "குளிரு. ஐதராபாத்துல குளிரு ஜாஸ்தி, அதான்" என்கிறார். இப்போது வெயில் காலம். இதோ, படம் தொடங்குமுன் ஒரு தண்ணி பாட்டில் வாங்கினார். வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்தார், "நீ குடி மொதல்ல" என்று. முன்பெல்லாம் மூடியைத் திருகிவிட்டுத்தான் கொடுப்பார். திறக்காத பாட்டில் என் மடியில் இருக்கிறது. தாகமாக இருக்கிறது. திறந்து குடித்தால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். வேர்த்துப்போய்ச் சேலையை நனைக்கிறது பாட்டில்.

இடைவேளை வந்தது, போனது. ஹீரோவுடைய பழைய சிநேகிதன்தான் வில்லன் என்று சொல்லி விளக்கைப் போட்டார்கள், அதை நான் ஆப்பிள் நறுக்கும்போதே நினைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் சொல்லிவிடலாம் என்று, "ஏங்க" என்றேன். "இன்னா?" என்றார். முகத்தைப் பார்த்தேன். மீசையில் ஒரு முடி மட்டும் நரைக்காமல் கறுப்பாக இருந்தது. "பாப்கார்ன் வேணுமா?" என்று கேட்டேன். "அது பல்லுல மாட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுபடி இருட்டு. இரண்டாம் பாதியில் படத்தைக் கட்டை வண்டி ஆக்கிவிட்டார்கள், இதையும் சொல்ல வேண்டும். ஹீரோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ரயில்வே பாலத்தில் செத்ததை மெதுவாக, மெதுவாக, மழையில் காட்டுகிறார்கள். மழை பெய்தால் அழ வேண்டும் என்பது ஒரு கணக்கு. வில்லன் பேசுகிறான், விசுவாசம், துரோகம், துரோகம், விசுவாசம். ஏசி முனகுகிறது. கண் இமைமேல் யாரோ ஈரத்துணி போட்டதுபோல. திரையில் ஓடுகிற வெளிச்சம் மூடிய கண்ணுக்குள்ளும் ஓடுகிறது, நீலமாக, பிறகு ஆரஞ்சாக. நான் எங்கள் தெருவுக்கு மேலே தொங்குகிறேன். பயமாக இல்லை. இடுப்பில் வார் இல்லை, கொடியில் காய்கிற சேலை மாதிரி தோளைப் பிடித்து மாட்டியிருக்கிறது. கீழே தண்ணி லாரி, குடங்கள், பச்சைக் குடம் ஒன்று என்னுடையது. ஏழாவது வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்களே, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று, அந்த நீலப் பாவாடையைக் கட்டியிருக்கிறேன், நடு வயசு உடம்பில் எப்படி ஏறியதோ. கயிற்றின் அந்த முனை தெரியவில்லை. தெருக்கோடி வரை போய்ச் சுவருக்குப் பின்னால் மறைகிறது. பிரிசில்லா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "அக்கா, அவர் கீழ வந்துட்டாரா?" என்கிறாள். நான் இல்லடி தொங்குவது என்று சொல்லப் பார்க்கிறேன். அப்போது கயிறு லேசாகிறது. விழவில்லை, கனம் மட்டும் போய்விட்டது, மறுமுனையில் ஒருத்தருமே இல்லாததுபோல, எனக்கு எடையே இல்லாததுபோல, அது ஒரு சுகமாகக்கூட இருக்கிறது, அந்தச் சுகம்தான் பயம். கண்ணைத் திறந்தேன். மடியில் பாட்டில். பக்கத்தில் இவர், திரையைப் பார்க்கிறார். கேஸை மூடினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் செய்திருக்கிறேன். செய்யாதது ஒன்றுதான்.

இப்போது இசையை நிறுத்திவிட்டார்கள். அதனாலேயே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு நேரம் காதுக்குள் தகர டப்பா தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும். ஹீரோ வானளாவிய ஒரு கட்டடத்தின் உச்சியில் நிற்கிறான். காற்றுச் சத்தம் மட்டும். எதிரே இன்னொரு கட்டடம், பாதி கட்டிய நிலையில், கம்பி கம்பியாக. பின்னால் துப்பாக்கிக்காரர்கள். ஓடி வருகிறான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, தோளுக்கு மேலே பார்க்கிறேன். வெறும் வானம். தாவினான். இது ஜோயலுடைய முதுகு, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எண்ணெய் ஊற்றுகிற மாதிரிதான் போகிறான், போகிறான், பாதி தூரத்தில், நடு வானத்தில், இறங்கினான். ஒரே ஒரு நொடி. காற்று அவனைக் கைவிட்டதுபோல ஒரு பள்ளம். கைகள் விரிந்து துழாவின, கால் ஒன்று உதறியது, பிறகு கயிறு இறுகியிருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கம்பியில் சேர்த்தது. தியேட்டர் கத்தியது. விசில் அடித்தார்கள். பின்வரிசை அட்டைக்காரன் என் நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொண்டு, "மச்சி, நடுவுல விழப் போனான் பாத்தியா? அதான்டா படம்! மத்த படத்துலல்லாம் பல்லி மாதிரிப் போய் ஒட்டிக்குவான்" என்றான். இன்னொருத்தன், "யோசிச்சு வெச்சிருக்கான்டா டைரக்டர்" என்றான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இந்தப் படத்திலேயே மனுஷன் மாதிரி இருந்தது அந்த ஒரு நொடிதான், பிரிசில்லாவிடம் நல்லது என்று சொல்வதானால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் யோசித்து வைக்கவில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. இரண்டு மரத்த விரல். சிவப்பு டேப் கைக்குள் நழுவியிருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் பிடித்ததால் ஜோயல் உயிரோடு இருக்கிறான். இவர் இதை வீட்டில் வந்து என்னிடம் சொல்லவில்லை. சோறு தின்றார், தூங்கினார், கிள்ளினால் எழவில்லை, நாளைக்கு மறுபடி போகிறார். போய், பின்னால் இருப்பவர்கள் இந்த முறை பிடிக்காவிட்டால்? பிரிசில்லா படுத்ததும் தூங்கிவிடுவாளாம்.

"நாளைக்குப் போகாதீங்க," என்றேன். சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னேன். கம்பிகளுக்கு நடுவே ஹீரோ ஒரு ஆளைத் தூக்கிப் போட்டான். "காதுல விழுதா? அந்தப் பையன் வீட்டுல புள்ளத்தாச்சி. உங்க கை எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும். நழுவிடுச்சில்ல? இப்ப பாத்தேன், எல்லாரும் கை தட்டுறாங்க, எனக்கு உசிரே போயிடுச்சி." பின்வரிசையில், "ஆன்ட்டி, படம் பாக்க உடுங்க" என்றான் ஒருத்தன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். இவர் என் பக்கம் சாய்ந்தார். தேங்காய் எண்ணெய் வாசனை. "அது நான் இல்ல, வேதா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு யாராவது இப்படிச் சொல்லலாம். இவர் சொல்லலாமா? "வேற யாரு? எனக்கு உங்க இழுப்பு தெரியாதா?" "தேவசகாயம் இழுத்தான். எனக்குப் பின்னால நிப்பானே, அவன்தான் இப்ப மொத ஆளு. என் இழுப்பையே பாத்துப் பாத்து அவனுக்கும் அப்பிடியே வந்துடுச்சி. நான் ரோப்புலயே இல்ல." நான் திரும்பிப் பார்த்தேன். வெளிச்சம் அவர் கன்னத்தில் நீலமாக ஓடியது. "இந்தப் படத்துக்குப் போன மொத நாளே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு வெரல்ல பிடி இல்ல மாஸ்டர், என்னை எடுத்துருங்கன்னு. அவரு ஒண்ணும் கேக்கல. விழுந்தா தாங்கறதுக்குக் கீழ பெட்டு போடுற ஆளுங்களோட நில்லுன்னுட்டாரு." "சந்தைச் செவுரு?" "அதுவும் அவன்தான். இந்தப் படத்துல ஒரு ஷாட்டும் நான் இழுக்கல." நான் சந்தையில் எதைப் பார்த்தேன், என்ன எண்ணெய், என்ன நூல் என்று இருந்தது. "பின்ன ஏன் எறங்குனான் அவன்?" என்று கேட்டேன். திரையில் ஏதோ வெடித்தது, அதற்குள் இன்னொன்று வெடித்தது. "பாதியில கீழ பாத்தான். பெட்டு பக்கத்துல நான் நிக்கிறேன். அவங்கிட்ட யாரும் சொல்லல, நானும் சொல்லல. கயித்துல இருக்க வேண்டிய ஆளு கீழ நின்னு அண்ணாந்து பாக்குறேன். ஒடம்பு இறுகிடுச்சி அவனுக்கு, ரோப்பு லூஸாயிடுச்சி. தேவசகாயம் சமாளிச்சான். எறங்கி வந்து என்கிட்ட, ஏண்ணே நீங்க அங்க இல்லன்னு கேட்டான். அவ்ளோதான் கேட்டான்."

அவ்வளவுதான். இவர் கை நழுவவில்லை. இவர் கை இல்லை என்று தெரிந்ததும் அவன் நழுவினான். எனக்கு நிம்மதி வர வேண்டும், வந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல, ஆனால் இறக்கிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. ஊருக்குப் போனவர் கயிற்றில் நிற்கிறார் என்று இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்து மனசு கேட்காதபோதும் போன் பண்ணாமல் இருந்தேனே, ரோப் ஆள் வேலையில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் போகக் கூடாது என்று. அப்போதெல்லாம் இவர் மெத்தைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டிப் பார்த்துக்கொண்டு, அண்ணாந்து நின்றிருக்கிறார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "எத்தச் சொல்றது? ரோப் கோதண்டம் பொண்டாட்டின்னு நீ மார்க்கெட்ல பேசினு வருவ. பெட்டு கோதண்டம்னு பேசுவியா?" சொல்லிவிட்டு அவரே மூக்கால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது, பெட்டு கோதண்டம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்ததும். மெத்தைக் கடைப் பேர் மாதிரி இருந்தது. "பிரிசில்லாவுக்குத் தெரியுமா?" "ஜோயல் சொல்லல. சொன்னா அவ தூங்க மாட்டாளாம்." அப்படியானால் இனி அது என்னிடமும் இருக்கிறது. சாயங்காலம் அவள் வாசலுக்கு வருவாள். எப்படிக்கா படம் என்பாள். ஊர்கள் நன்றாக இருந்தன என்பேன், வில்லன் ஆப்பிள் நறுக்கினான் என்பேன், சாப்பாடு கிடையாது, கதை கட்டை வண்டி, பாட்டு வேண்டாத இடத்தில் வருகிறது என்பேன். தாவல்? அதைக் கேட்பாள். எல்லாவற்றிலும் அதுதான் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அதில் பொய் இல்லை. அண்ணன்தானே இழுத்தார் என்று கேட்டால்? கேட்டால் சொல்லிவிடுவேன். கயிற்றில் ஒரு ஆள் இருக்கிறான்டி, நல்ல ஆள், பேர் தேவசகாயம். உன் அண்ணன் கீழே நிற்கிறார், இப்போது மேலே பார்த்துக்கொண்டேதான் நிற்கிறார், கண்ணை எடுப்பதில்லை. அதைக் கேட்டுவிட்டு ஒரு ராத்திரி தூங்காமல் இருக்கட்டும். மறு ராத்திரி தூங்கட்டும். ஜோயலும் பாதியில் கீழே பார்த்தால் யார் நிற்பார் என்று தெரிந்துகொண்டே தாவட்டும்.

படம் முடிந்துகொண்டிருந்தது. பெட்டி கிடைத்துவிட்டது, கரண்ட் போகவில்லை, வில்லன் செத்தானா என்று தெரியாதபடி கடலில் விழுந்தான், அது இரண்டாம் பாகத்துக்கு. ஹீரோ மறுபடி எங்கிருந்தோ தாவுகிறான், அந்தரத்தில் அப்படியே நிறுத்திவைத்து எழுத்துப் போட்டார்கள். எனக்குப் பழக்கத்தில் கண் மேலே போனது, தோளுக்கு மேலே. பிறகு நானாகக் கீழே இறக்கினேன். ஹீரோவின் காலுக்குக் கீழே, தெருவும் காரும் எறும்பு மாதிரி, அதற்கும் கீழே திரை முடிந்துவிடுகிறது, கறுப்புத் துணி, வெறும் சுவர். அங்கே கொஞ்ச நேரம் பார்த்தேன். ஆட்கள் எழுந்து போனார்கள். அட்டைக்காரர்கள் போகும்போது, "சாரி ஆன்ட்டி" என்றான் ஒருத்தன். விளக்கு வந்ததும் இவர் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருப்பது தெரிந்தது. "போலாமா?" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத்தான் ரயிலு. நாளைக்கு இல்ல, அடுத்த ரயிலு. மெத்தையும் கையாலதான போடணும்" என்றேன். அவர் எதிர்த்து ஏதோ சொல்லப் போனார். நான் மடியிலிருந்த பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கவே மூடியைத் திருகினேன், சத்தம் கேட்டது, அவர் வாய் மூடிக்கொண்டது. ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினேன். இடது கையை நீட்டினார். "அந்தக் கை," என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு வலது கையை நீட்டினார். விரல்கள் பாட்டிலைச் சுற்றின, இரண்டு விரல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன, பாட்டில் லேசாக நடுங்கி வாய்க்குப் போனது. நான் விட்டுவிட்டேன், ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை என் உள்ளங்கை அடியில் விரிந்தே இருந்தது.